மருத்துவமனைத் தாக்குதல்: சட்டம் எங்கே கைவிடுகிறது?

ஆசிரியருக்கு,

போரில் ஒரு மருத்துவமனை தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், 'சர்வதேசச் சட்டம் வெறும் காகிதம்' என்று மறுநாளே கடிதங்கள் வந்துவிடுகின்றன. பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காகிதத்தில் இருக்கும் விதி தெளிவானது. போரில் பொதுமக்களைக் காக்கும் 1949 நான்காம் ஜெனிவா ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவும், ஜெனிவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட, உள்நாட்டுப் போர்களுக்கான 1977 இரண்டாம் நெறிமுறையின் 11ஆம் பிரிவும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. மருத்துவமனையைச் சண்டைக்குப் பயன்படுத்தினால்தான் அதன் பாதுகாப்பு போகும். அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும், தேவையான அவகாசம் தர வேண்டும். காயம்பட்ட போராளி உள்ளே படுத்திருப்பது சண்டைக்குப் பயன்படுத்துவது ஆகாது. அவரிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கி ஒரு மூலையில் கிடப்பதும் ஆகாது. 'உள்ளே தீவிரவாதிகள் இருந்தார்கள்' என்ற ராணுவ அறிக்கைகளை இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் 2015 அக்டோபர் 3 அதிகாலை அமெரிக்க விமானம் ஒரு மருத்துவமனையைத் தாக்கியதைப் பாருங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்தத் தன் மருத்துவமனையின் இடக்குறியீட்டை நான்கு நாள் முன்புதான் அமெரிக்க ராணுவத்துக்கு மறுபடி அனுப்பியிருந்தது. தாக்குதல் விமானமான அமெரிக்காவின் ஏசி-130 அவசரமாகக் கிளம்பியதால், தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் ஏற்றப்படவில்லை. கொடுக்கப்பட்ட இலக்கின் குறியீடு வெட்டவெளியைக் காட்டியது. பக்கத்தில் தெரிந்த பெரிய கட்டடத்தை விமானக் குழு இலக்காக எடுத்துக்கொண்டது. உண்மையான இலக்கு சுமார் 400 மீட்டர் தள்ளி இருந்தது. சுடுவதற்குச் சற்று முன், தாங்கள் சுடப்போகும் கட்டடத்தின் குறியீட்டைத் தலைமையகத்துக்கும் சொன்னார்கள். பட்டியல் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 42 பேர் இறந்தார்கள், அவர்களில் 24 பேர் நோயாளிகள்.

விதியில் ஓட்டை இல்லை. பட்டியலைப் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் அன்று நடந்தது. இதை ஒழுங்காகச் செய்யும் ராணுவத்தில் சட்டத்துக்கு வலு உண்டு, ஆனால் அப்படித் தவிர்க்கப்படும் தாக்குதல் செய்தியாவதே இல்லை.

அதன் பிறகு நடந்ததில்தான் சட்டத்தின் எல்லை தெரிகிறது. இப்படிப்பட்ட சம்பவங்களை விசாரிக்க 1991 முதல் ஒரு சர்வதேச உண்மை அறியும் ஆணையம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் சம்மதிக்காமல் அது வாசல் தாண்ட முடியாது, சம்மதம் வரவில்லை. அமெரிக்க ராணுவம் தன்னைத் தானே விசாரித்தது. 16 பேர் மீது துறை நடவடிக்கை எடுத்தது, யார் மீதும் குற்ற வழக்கு இல்லை. வேண்டுமென்றே செய்யாததால் போர்க்குற்றம் இல்லை என்றது. கண்மூடித்தனமான அசட்டையும் போர்க்குற்றமாகலாம் என்று வாதிடும் வல்லுநர்கள் உண்டு. அந்த வாதத்தைக் கேட்க எந்த நீதிமன்றமும் கூடவில்லை.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படிச் செய்தி வரும்போது, எச்சரிக்கை தரப்பட்டதா, எத்தனை மணி நேர அவகாசம், இடக்குறியீடு யார் கையில் இருந்தது, விசாரிப்பது யார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பலி எண்ணிக்கை எப்படியும் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி