பித்தளை என்று சொல்லி இரும்புப் பதக்கங்கள் அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
செயலாளர், விளையாட்டு மன்றம், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், கோப்பை, பதக்கம் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 150 பதக்கங்களை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கபடிப் போட்டிக்காக உங்களிடம் 150 பதக்கங்களை ரூ.160 வீதம் வாங்கி, ரூ.24,000 முழுவதையும் முன்பே கட்டிவிட்டோம். நீங்கள் தந்த விலைப்புள்ளியில் ‘பித்தளை, 60 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம், தங்க முலாம்’ என்று இருக்கிறது. வந்தவை அத்தனையும் இரும்பு.

பித்தளையைக் காந்தம் இழுக்காது, இந்தப் பதக்கங்களை இழுக்கிறது. நிக்கல் அடிப்பூச்சால் இழுக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். மெல்லிய நிக்கல் பூச்சு இருந்தால் லேசாகத்தான் இழுக்கும். இங்கே நூலில் கட்டிய காந்தம் பதக்கத்தையே தூக்குகிறது. எடையும் நீங்கள் எழுதியபடி இல்லை. நீங்கள் எழுதிய அளவில் ஒரு வட்டு ஏறக்குறைய 8.5 கன செ.மீ. வரும். பித்தளை கன செ.மீ.-க்குச் சுமார் 8.5 கிராம் என்பதால் ஒரு பதக்கம் 72 கிராம் இருக்க வேண்டும். அச்சுப் பள்ளங்களுக்காக நாலைந்து கிராம் குறையலாம். நகைக்கடைத் தராசில் பத்துப் பதக்கங்களை நிறுத்தோம். ஒன்றுக்குச் சராசரி 44 கிராம். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் கனம் 2 மி.மீ. தான்.

தங்க முலாமும் இல்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் தேய்த்ததும் மஞ்சள் நிறம் முழுக்கப் பஞ்சுக்கு வந்து, அடியில் வெள்ளைத் தகடு தெரிகிறது. முலாமாக இருந்தால் மேலே இருக்கும் வார்னிஷ் மட்டுமே கரையும்.

துரு, அச்சில் வெட்டிய ஓரத்தில்தான் தொடங்கியிருக்கிறது. இரும்புக்கு எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, அமிலத்தில் கழுவி, செம்பும் நிக்கலும் ஏற்றிய பிறகே நிறம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாததால் வியர்வை உப்பு ஓரத்தில் இறங்கிவிட்டது. நான்கே நாளில் பிள்ளைகளின் வெள்ளைப் பனியனில் பழுப்புக் கறை. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் துலக்கினால் போய்விடும். இந்தத் துருவைத் தேய்த்து எடுத்தாலும் மறுபடி பிடிக்கும். 11 பதக்கங்களில் ரிப்பன் வளையமும் பற்றவைப்பு விட்டுக் கழன்றுவிட்டது.

தொலைபேசியில் கேட்டதற்கு, “ஒலிம்பிக் தங்கமே முழுத் தங்கம் இல்லீங்களே” என்றார் உங்கள் ஊழியர். உண்மைதான். முழுத் தங்கத்தில் கடைசியாகக் கொடுத்தது 1912-இல், ஸ்டாக்ஹோமில். 2024 பாரீஸ் தங்கப் பதக்கம் 529 கிராம். அதில் தங்கம் 6 கிராம், ஈபிள் கோபுரத்து இரும்பு 18 கிராம், மற்றது வெள்ளி. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தப் பதக்கங்களில் சில பழுதானபோது, பாரீஸ் நாணயச்சாலை அதேபோலப் பொறித்து மாற்றிக் கொடுத்தது. நாங்கள் உங்களிடம் தங்கம் கேட்கவில்லை, நீங்கள் எழுதிக்கொடுத்த பித்தளையைத்தான் கேட்கிறோம்.

15 நாட்களுக்குள் 150 பித்தளைப் பதக்கங்களை அனுப்புங்கள், இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். போக்குவரத்துச் செலவு இருவழியும் உங்களுடையது. முதலில் ஐந்து மாதிரி வரட்டும். காந்தம், தராசு இரண்டிலும் சரியாக இருந்தால் மீதியை வாங்கிக்கொள்கிறோம். பில்லில் உலோகத்தின் பெயரும் எடையும் இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இணைப்பு: விலைப்புள்ளி, பில் நகல்கள், எடை அளந்த படங்கள், துருப்பிடித்த பதக்கம் ஒன்று.

இப்படிக்கு,
செயலாளர்