செயலவைக்கு ஒரு திறந்த மடல்: அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்குடுங்க

மதிப்பிற்குரிய செயலவை உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

சங்கத்து ஆண்டு மலருக்கு மூத்த உறுப்பினர்களைப் படம் எடுக்கற வேலை எப்படிப் பேசி முடிவாச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல. ஞாயித்துக்கிழமை நடந்ததும், அன்னிக்கு ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல வந்த "இனிமே ஃபார்மல் மட்டும் போதும், மத்ததுல டைம் வேஸ்ட் பண்ண வேணாம்"ங்கற மெசேஜும்தான் இதை எழுத வச்சுது. நேர்ல பேசலாம்னுதான் பார்த்தேன், ஆளாளுக்கு இன்னொருத்தரைக் கை காட்டுறீங்க.

ஃபார்மல் படத்துல நான் என்னைக்காவது குறை வச்சிருக்கேனா சொல்லுங்க. 85 எம்எம் லென்ஸ், சாஃப்ட்பாக்ஸ், சாம்பல் கலர் பேக்ட்ராப், சேலை மடிப்பு கலையாம, மூக்குக்கண்ணாடில லைட் அடிக்காம எடுத்து, லேப்டாப்ல உடனே காட்டி, உங்க ஆளு ஒருத்தர் தலையாட்டின பிறகுதான் அடுத்தவரையே கூப்பிடுறேன். சோறு போடற வேலை அது, அதை நான் மட்டமா நினைக்கவே இல்ல. நான் கேட்டது அது முடிஞ்ச பிறகு, அவங்களை இயல்பா இருக்கற மாதிரி என் இஷ்டத்துக்கு எடுத்துப் பார்க்க ஆளுக்குப் பத்து நிமிஷம், அதுக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளி கூட எக்ஸ்ட்ரா கேக்கல.

அந்தப் பெரியவர் விஷயத்தைச் சொல்லியே ஆகணும். கப்பல் பட்டறைல வெல்டரா இருந்து ரிட்டையர் ஆனவர், ஃபார்மல் படத்துல ஐசிக்கு, அதான் அடையாள அட்டைக்கு, போஸ் குடுக்கற மாதிரி விறைப்பா உட்கார்ந்திருந்தாரு. அது முடிஞ்சதும் லைட் எல்லாத்தையும் அணைச்சுட்டு ஜன்னல் ஓரமா ஸ்டூல் போட்டு உட்கார வச்சுப் பேச்சுக் குடுத்தேன், மனுஷன் வெல்டிங் ராடை எப்படிப் பிடிக்கணும்னு கையாலேயே செஞ்சு காட்ட ஆரம்பிச்சுட்டாரு. கேமராவை ட்ரைபாட்ல போட்டு ஷட்டரை 1/8 செகண்டுக்குக் குறைச்சேன், முகம் அசையாம நிக்கணும் கை மட்டும் கலங்கி ஓடணும், அவரோ பேசும்போது தலையும் சேர்ந்து ஆட்டுவாரு, அதனால நிறைய ஃப்ரேம் வீணாப் போச்சு. கடைசில அவருக்கே அது பிடிபட்டு "இப்பப் பாரு தம்பி"ன்னு மூச்சை அடக்கிக்கிட்டுக் கையை வீசறாரு, அந்த நேரம் பார்த்து செயலவைல ஒருத்தர் கதவைத் திறந்து "என்ன இருட்டுல உக்காந்துகிட்டு"ன்னு டியூப்லைட்டைப் போட்டாரு. படம் வெளுத்துப் போச்சு, போகட்டும், டிஜிட்டல்தானே. ஆனா பெரியவர் ஏதோ தப்பு செஞ்சு மாட்டிக்கிட்டவரு மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு "போதும் தம்பி, அவங்களுக்கு நேரமாச்சு"ன்னு எழுந்து போயிட்டாரு. எழுபது வயசைத் தாண்டினவருங்க அவரு.

அதனாலதான் திரும்பவும் கேக்கறேன், ஃபார்மல் முடிஞ்ச பிறகு ஆளுக்குப் பத்து நிமிஷம், நடுவுல யாரும் உள்ள வராம.

போன வருஷ மலர்ல தலைவர் படத்தை எல்லாரும் புகழ்ந்தீங்க, அந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தை நான் கத்துக்கிட்டது லிட்டில் இந்தியா பஃபலோ ரோட்டுல பூ கட்டற அக்காவைச் சும்மா எடுத்துப் பார்த்தப்பதான். காசு வாங்காம பழகினதுதான் காசு வாங்கற படத்துக்கு வந்து சேருது. இர்விங் பென்னு ஒரு பெரிய போட்டோகிராஃபர், 1948ல ஃபேஷன் பத்திரிகை வேலையா பெரு நாட்டுக்குப் போனவரு, அந்த வேலை முடிஞ்சதும் குஸ்கோ ஊர்ல உள்ளூர் ஸ்டூடியோவை வாடகைக்குப் பிடிச்சு அங்க இருக்கற ஜனங்களை எடுத்தாரு, இன்னைக்கும் போட்டோகிராஃபருங்க அந்தப் படங்களைப் பேசறாங்க.

சொல்ல ஆரம்பிச்சாச்சு, இதையும் சொல்லிடறேன். "முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க"ன்னு ஒவ்வொரு வருஷமும் கேக்கறீங்களே, யாருக்கு யாரைப் பார்த்து வெக்கம்? என் பேரு மலர்ல எங்கேயுமே இல்ல, விளம்பரம் குடுத்த நகைக்கடை பேரு மட்டும் பக்கத்துக்குப் பக்கம். 2021 நவம்பர் 21-லிருந்து இங்க சிங்கப்பூர்ல நடப்புல இருக்கற காப்புரிமைச் சட்டப்படி, காசு குடுத்து எடுக்கச் சொன்ன படமா இருந்தாலும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா உரிமை எடுத்தவருக்குத்தான், வெளியிடறப்ப பேரும் போடணும். பாஸ்போர்ட் படம் மாதிரி 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளை பேக்ரவுண்டு, அவ்வளவுதான் வேணும்னா எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் போட்டோ பூத்துக்கு எல்லாரையும் வரிசையா அனுப்பிடுங்க, எனக்குக் குடுக்கற காசும் மிச்சம்.

கோவத்துல எங்கேயோ போயிட்டேன், மன்னிக்கணும். வியாழக்கிழமை செயலவைக் கூட்டம்னு கேள்விப்பட்டேன். ஆளுக்குப் பத்து நிமிஷம்னு ஒரு வரி கூட்டக் குறிப்புல எழுதி எனக்கு அனுப்புங்க, அடுத்த ஞாயிறு மீதிப் பேரை எடுத்து முடிச்சுடறேன். அப்புறம் தயவுசெஞ்சு அந்தப் பெரியவருக்கு உங்கள்ல யாராவது ஒருத்தர் போன் போடுங்க. நான் கூப்பிட்டா "பரவாயில்ல தம்பி, இருக்கட்டும்"ங்கறாரு, நீங்க கூப்பிட்டா வருவாரு.

இப்படிக்கு,
உங்க போட்டோகிராஃபர்