மின்கம்பிதான் எமன்

ஆசிரியருக்கு,

பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். சரி, அதே வேலையை உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் விமானிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1921 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஒஹாயோவில் ராணுவ விமானி ஜான் மக்ரெடி, புழு அரித்த மரத்தோப்பின் மேல் மருந்துப்பொடி தூவினார். தொழில் பிறந்தது அப்படி. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனமான டெல்டா ஏர்லைன்ஸின் பூர்வீகமும் பருத்திக்கு மருந்தடித்ததுதான். பயணிகள் எல்லாம் அப்புறம்.

இன்றும் அங்கே பயிருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே, மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள். வயல் முடியும் இடத்தில் சட்டென மேலேறித் திரும்ப வேண்டும். எதிர்வெயிலில் மின்கம்பி கண்ணுக்கே தெரியாது. காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். எனக்கென்னவோ போர் விமானியைவிட இவர்கள்மீதுதான் பிரமிப்பு.

இவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று போடுங்களேன்.

- ஒரு வாசகர், மன்னார்குடி