லீவர் துப்பாக்கியும் மான் வேட்டையும்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க மான் வேட்டைக் கட்டுரையில், வின்செஸ்டர் 94 என்ற லீவர் துப்பாக்கியின் (விசைக்கு அடியில் உள்ள வளையக் கைப்பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) படத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனைத் தோட்டாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அழகுக்காக எடுத்த படமாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, வேட்டை உரிமம் எடுக்க யோசிக்கும் தமிழர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது தோட்டா வாங்கினால் ஆபத்து.

இந்த வகைத் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் முனை, முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) முட்டிக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் அதுவே பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைக்கலாம். அந்தக் குழாயைத்தான் இடது கை பிடித்திருக்கும். அதனால்தான் இந்தத் துப்பாக்கிகளில் வழக்கமாகப் போடும் 30-30 தோட்டாவின் குண்டு தட்டை முனையோ மொட்டை முனையோ கொண்டிருக்கிறது. ஹார்னடி நிறுவனத்தின் லீவரெவல்யூஷன் மட்டும் கூர்முனையாக இருந்தும் பரவாயில்லை. அதன் முனை நசுங்கிக்கொடுக்கும் மென்மையான பாலிமர்.

கட்டுரையாளர் லீவர் துப்பாக்கியை 'கௌபாய் காலத்துக் காட்சிப்பொருள்' என்று எழுதியதும் சரியல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94, எழுபது லட்சத்துக்கு மேல் தயாரானது. 1948-இல் வந்த இன்னொரு லீவர் துப்பாக்கியான மார்லின் 336 இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. பென்சில்வேனியா போன்ற அடர்ந்த மலைக்காடுகளில் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். 30-30 தோட்டாவில் 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்திலும், 170 கிரெயின் குண்டு 2,200 அடி வேகத்திலும் கிளம்பும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், தட்டை முனைக் குண்டு 200 கஜத்தில் ஏழெட்டு அங்குலம் கீழே விழுந்துவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான். எனவே 150 கஜத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தவிர, மான் வேட்டைக்கு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைஃபிளைப் பென்சில்வேனியா அனுமதிப்பதில்லை. இரண்டாவது குண்டு சட்டென்று வேண்டுமென்றால் லீவர் நன்றாகக் கைகொடுக்கும்.

இதில் விபத்து நடக்கக்கூடியது சுடும்போது மட்டுமல்ல, சுடாமல் விடும்போதும்தான். மான் போய்விட்டது, ஏற்றிய ஹேமரை (விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியலை) இறக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, விசையை இழுத்து, ஹேமர் நகரத் தொடங்கியதும் விசையை விட்டு, பாதி நிலையில் அது பொருந்தும்வரை மெதுவாக இறக்க வேண்டும். தடித்த கையுறையோடு, விரல் மரத்துப்போன குளிரில் இதைச் செய்தால் ஹேமர் வழுக்கும்; குண்டு பாயும். கையுறையைக் கழற்றுங்கள், குழலைத் தரையை நோக்கித் திருப்புங்கள். சுடாமல் தடுக்கும் குறுக்குப் பூட்டு உள்ள பிற்காலத் துப்பாக்கி என்றால் முதலில் அதைப் போடுங்கள்.

தோட்டாவை வெளியேற்றும்போதும் அதே கவனம் தேவை. லீவரை முழுக்கத் தள்ளி இழுத்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். விரல்கள் லீவர் வளையத்துக்குள் இருப்பதால் ஆள்காட்டி விரல் விசையில் உரசிவிடக்கூடும். அதை நீட்டியே வைத்திருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குழாயில் கடைசித் தோட்டா சிக்கி நிற்பதுண்டு. குழாய்க்குள் தோட்டாக்களைத் தள்ளும் ஃபாலோயர் கண்ணில் படும்வரை துப்பாக்கி காலி என்று நம்பக் கூடாது. சுடுவதற்குத் தோட்டா உட்காரும் அறை காலியாக இருந்து குழாயில் ஒரு தோட்டா மிச்சமிருந்தாலும், துப்பாக்கியை வண்டியில் ஏற்றுவது பென்சில்வேனியாவில் குற்றம். லீவரைப் பயந்து பயந்து அரைகுறையாகத் தள்ளினால் தோட்டா மாட்டிக்கொள்ளும். அது துப்பாக்கியின் குறை அல்ல, கையின் குறை.

'அரசு நிலம், யாரும் போய்ச் சுடலாம்' என்ற வரியையும் திருத்த வேண்டும். நேஷனல் ஃபாரஸ்ட் நிலம் கூட்டரசுடையது. மானுக்கான உரிமமும் பருவமும் மாநிலத்துடையவை. நேஷனல் பார்க் வேறு. பெரும்பாலானவற்றில் வேட்டையே கிடையாது. நேஷனல் ஃபாரஸ்ட்டில் வீடு, முகாம், ஆள் நடமாடும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது, வனச்சாலைக்குக் குறுக்கேயும் சுடக் கூடாது. பென்சில்வேனியாவில் ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கூட்டரசுச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. பலருக்கு இது தெரிவதில்லை.

பொது வனத்தில் முதல் நாள் கூட்டம் அதிகம். பெரும்பாலோர் சாலையை விட்டு வெகுதூரம் போக மாட்டார்கள். மான்கள் செங்குத்துச் சரிவுகளிலும் மௌண்டன் லாரல் புதர்களிலும் பதுங்கும். வெயில் ஏற ஏறக் காற்று மலைமேல் ஏறும், மாலையில் கீழே இறங்கும். மோப்பம் பிடித்தால் மான் நிற்காது என்பதால் காலையில் மேலே, மாலையில் கீழே இருப்பது நல்லது. நண்பகலில் குளிர் தாங்காமல் மற்றவர்கள் வண்டிக்குத் திரும்பும் நேரத்தில்தான் மான்கள் இடம் மாறும். அப்போது அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு வாய்ப்பு.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலேறி, உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்க வேண்டும். சுட்டதும் ஓடிப்போய்த் தேடக் கூடாது. நுரை கலந்த வெளிர்சிவப்பு ரத்தம் நுரையீரலைக் காட்டும், அரைமணி போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம். பச்சை நிறமும் சாண நாற்றமும் இருந்தால் குடல்; ஆறு மணி நேரத்துக்கும் மேல் பொறுக்க வேண்டும். முன்னதாகத் துரத்தினால் அது எழுந்து ஓடி, கண்ணுக்கு அகப்படாமல் எங்கோ செத்துக் கிடக்கும்.

மானை நகர்த்தும் முன் பென்சில்வேனியாவில் காதில் டேக் (அடையாள அட்டை) கட்ட வேண்டும். உடனே வயிற்றைக் கிழித்துக் குடலையும் மூத்திரப்பையையும் உடையாமல் எடுத்து, உடலைக் குளிர விட வேண்டும். ஈயக் குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் செப்புக் குண்டே வாங்குங்கள். கட்டுரையில் சொன்னதுபோல் இந்தக் கறியை உணவகத்துக்கு விற்க முடியாது. தானம் செய்யலாம், பென்சில்வேனியாவில் ஹண்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட் என்ற அமைப்பு அதைப் பசித்தவர்களுக்குச் சேர்க்கிறது.

இப்படிக்கு,
வாசகர், ஸ்க்ரான்டன், பென்சில்வேனியா