அண்ணன்மாரே, அஞ்சு வருசத்தில் மூன்றுதான் நம் கையில்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று மலையக டவுன்களில் விசா ஆலோசனை நிலையம் நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் காசு கட்டிக் கனடா பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, எடுத்தவள் நான். அவர் கெட்டவர் இல்லை, பெயரும் வேண்டாம். விசா வந்த அன்று லட்டு கொடுத்தார். கூடவே சொன்னார்: "ஒருக்கா போய்க் கால வச்சிட்டு வந்துருங்க தங்கச்சி. அப்புறம் அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல."

2023 ஏப்ரல் முதல் வாரம் ரொறன்ரோவில் இறங்கி, பதினாறு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். வந்த பிறகு ஒன்று மாற்றி ஒன்று. அம்மா கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு போனது. சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் எடுக்கப் போனால், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்துக்காக ஒன்றரை வருடம் அலைந்தேன். எல்லாம் முடிந்து டிசம்பருக்கு டிக்கெட் போட்டால், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் வெடித்து, அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். சரி, 2028 வரை நேரம் இருக்கிறதே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

எங்கே இருக்கிறது? ஐந்து வருடத்துக்குள் 730 நாள் தன் மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்கிறது கனடா. ஆக, வெளியில் இருக்க முடிவது ஏறக்குறைய மூன்று வருடம். 2026 ஏப்ரல் முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு நாள் விடாமல் அங்கேயே கிடந்தாலும் என் ஐந்து வருடத்துக்குள் 730 நிரம்பாது.

நீங்கள் சொன்னது ஆஸ்திரேலியாக் கதை. அங்கேதான் பி.ஆர். விசாவில் முதல் ஐந்து வருடம் போக வர விடுவார்கள்; அதன் பிறகு வெளியிலிருந்து திரும்பத் தனி விசா வேண்டும். இரண்டு நாட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள்.

730 என்றதும் அம்மா கேட்டார்: "அரைப்பேரு போடுவாங்களா?" கொழுந்து கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர், எழுதும் தோட்டத்தில் முப்பது வருடம் நின்றவர். இல்லம்மா, பிளேன் இறங்கின நாளும் முழுப்பேர், ஏறின நாளும் முழுப்பேர் என்றேன். "அப்ப நல்ல தொரதான்" என்றார்.

இன்னொன்று. நாள் குறைந்தவர்களிடம் "எல்லாம் போச்சு, புதுசா ஃபைல் போடணும்" என்று பயமுறுத்திக் காசு கறப்பவர்களும் உங்களில் உண்டு. கார்டு காலாவதியானதால் மட்டும் பி.ஆர். போய்விடாது. அதிகாரி பார்த்து முடிவெடுக்க வேண்டும். மனிதாபிமானக் காரணங்களை அவரிடம் முன்வைக்கலாம். கனடாவுக்குத் திரும்ப வெளியிலிருந்து கேட்ட பயண ஆவணத்தை மறுத்தால், 60 நாளுக்குள் மேன்முறையீடு இருக்கிறது. அந்தக் காரணங்களைக் காட்ட உதவும், ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லிவிடுங்களேன், அதற்கு என்ன செலவு?

1948இல் இலங்கையில் வந்த ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003இல் வந்த சட்டம் வரை மலையகத் தமிழரான நம்மில் பலர் குடியுரிமைக்குக் காத்திருந்தார்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். கடுதாசி விஷயத்தில் நாமே நம் ஆட்களிடம் அசட்டையாக இருக்கலாமா?

லட்டு கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் மூன்று தேதி: இறங்கும் நாள், ஐந்து வருடம் முடியும் நாள், அதற்குச் சரியாக இரண்டு வருடம் முந்திய நாள். மூன்றாவதைச் சிவப்பில் எழுதுங்கள்.

நான் மார்ச்சில் கிளம்புகிறேன். அம்மாவை அண்ணி பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கொட்டகலைப் பக்கத்துத் தங்கச்சி