லண்டன் கணக்கும் கெய்சர் வீதிக் கணக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில் ஒருவர், நடைமுறைக் கணக்கின் (ஆங்கிலத்தில் ‘கரண்ட் அக்கவுண்ட்’) காலம் முடிந்துவிட்டது, அதை மூடிவிடலாம், அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குக் கைபேசியிலேயே நடக்கும் செயலி வங்கி போதும் என்று எழுதியிருந்தார். இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம்தான் எங்கே இடிக்கிறது என்று பிடிபட்டது. அவர் மூடச் சொல்லும் கணக்கு லண்டனில் இருக்கிறது.

நான் புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு மொத்தப் புடவைக் கடையில் 1994 முதல் 2021 வரை கணக்கு எழுதினவள். முதலாளி தொடக்கம் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் வரை எல்லாருக்கும் நான் ‘கணக்கு அக்கா’. இப்போது கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் நூல், பொத்தான், சிப் விற்கிறேன். காசோலைப் புத்தகமும் இருக்கிறது, கைபேசியில் செயலியும் இருக்கிறது. ஆகவே ஒன்றைத் தெரியாமல் மற்றதைப் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

என் அக்காவின் மகள் லண்டனில் ஹரோவில் இருக்கிறாள். மொன்சோ வங்கியில் கணக்கு. அங்கே ‘கரண்ட் அக்கவுண்ட்’ என்றால் சம்பளம் வந்து விழுகிற, வீட்டு வாடகை போகிற, மரக்கறிக் கடையில் அட்டையைத் தட்டுகிற கணக்கு. வேலைக்குப் போகிற எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. மொன்சோவும் ஸ்டார்லிங்கும் கிளையே இல்லாமல், ஆனால் சொந்த வங்கி உரிமத்தோடு நடப்பவை. 2013 இலிருந்து அங்கே ஏழு வேலை நாட்களில் கணக்கை மாற்றித் தரும் ஏற்பாடும் உண்டு. மாதாமாதம் போகும் கொடுப்பனவுகளையும் அவர்களே புதிய கணக்குக்கு நகர்த்திவிடுவார்கள். வங்கி முறிந்தால் 120,000 பவுண் வரை காப்பு. அங்கே இருந்திருந்தால் நானும் மாறியிருப்பேன்.

இங்கே அந்த வேலை முழுவதையும் செய்வது சேமிப்புக் கணக்கு. சம்பளம் அதில்தான் விழுகிறது, ஏ.டி.எம். அட்டையும் அதற்குத்தான். பெரும்பாலும் வட்டி கிடைக்காத நடைமுறைக் கணக்கை இந்த ஊரில் ஒருவர் திறக்கிறார் என்றால் அது காசோலைப் புத்தகத்துக்காக. மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுரையாளர் சொன்ன புத்தி நல்ல புத்திதான், ஆனால் அவர்களில் அனேகரிடம் மூடுவதற்கு நடைமுறைக் கணக்கே இல்லை!

செயலி வங்கி என்ற பேச்சும் அப்படித்தான். 2017 இல் வந்த ஃப்ரிமி என்ற செயலி, நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கியின் இன்னொரு வாசல். வங்கிக் கணக்கில் கிடக்கும் வைப்பு என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. தொலைபேசிக் கம்பனிகள் தரும் பணப்பை வங்கிக் கணக்கே அல்ல. இந்த வித்தியாசத்தைக் கட்டுரையில் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். கெய்சர் வீதியில் காசோலையின் உண்மையான வேலை தவணை. வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு கடைக்காரர் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். எட்டு இலட்சத்துக்குச் சீத்தையும் சாரமும் சட்டைத் துணியும் எடுப்பார். கையில் இருப்பது இரண்டு இலட்சம். மிச்சத்துக்குப் பின்னால் வரும் திகதி போட்ட மூன்று செக்: 30 நாள், 45 நாள், 60 நாள். முதலாளி கையெழுத்தைப் பார்ப்பார், பிறகு ஆளின் முகத்தைப் பார்ப்பார், பிறகு அது என் மேசைக்கு வரும். டயரியில் அந்தந்தத் திகதிப் பக்கத்தில் வங்கி, இலக்கம், தொகை எழுதிக்கொண்டு இரும்புப் பெட்டியில் போடுவேன். சில செக் பெட்டியில் தங்காது. பின்பக்கம் ஒரு கையெழுத்து வைத்து முதலாளி அதையே இறக்குமதிக்காரரிடம் கொடுத்துவிடுவார். ஒரே தாள் மூன்று கடைகளின் கடனைத் தீர்த்ததைக் கண்டிருக்கிறேன். அப்படிப் போன தாள் ‘நிதி போதாது’ என்று திரும்பி வந்து மூன்று கடைக்காரரையும் தெருவில் நிறுத்தியதையும் கண்டிருக்கிறேன். காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990 ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றம். அந்தப் பயம் கொஞ்சம், முகதாட்சணியம் கொஞ்சம், இரண்டும் சேர்ந்துதான் வவுனியாக் கடையில் தீபாவளிக்குப் புதுத் துணி தொங்கியது.

செயலியிலும் பின்னால் வரும் ஒரு திகதியைக் குறித்துப் பணம் அனுப்ப வழியுண்டு, தெரியும். ஆனால் நான் குறித்த திகதியை இன்றிரவே நானே அழித்துவிடலாம். எனக்குச் சரக்குத் தந்தவர் கையில் என்ன இருக்கும்? என் வாய்ச்சொல் மட்டும்.

செக் எப்போதும் செல்லும் என்று நான் சாதிக்க வரவில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாவிலிருந்து கிளம்பிய டொலர், மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. அந்த நாட்களில் எனக்கு நூல் தருகிறவர், “செக் வேண்டாம் அக்கா, காசாத் தாங்கோ” என்றார். கோபம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த ரூபாவுக்கு எத்தனை நூற்கட்டை வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் பழையபடி 30 நாள் செக் வாங்கத் தொடங்கினார்.

செயலி எனக்குச் செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் கடைசியில், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி 30 ஆம் திகதியை வங்கி விடுமுறையாக்கினார்கள். முதல் நாள் ஹஜ்ஜுப் பெருநாள், பின்னால் சனி ஞாயிறு, திங்கள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. ஐந்து நாள் தொடர்ந்து வங்கிக் கதவு பூட்டு. யாழ்ப்பாணத்தில் அம்மா ஆஸ்பத்திரியில். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தம்பிக்கு 40,000 ரூபா அனுப்பினேன், அவன் “வந்திட்டுது” என்று சொல்ல ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. 2006 இல் காசோலையைப் படமெடுத்து அனுப்பும் முறை வருமுன்பு, வெளியூர் செக் மாற பத்து நாளும் காத்திருந்தவள் நான். அன்றிரவு செயலியைக் கும்பிடாத குறைதான்.

அதே வேகம் சென்ற வருடம் என்னைக் கடித்தது. பொத்தான் அனுப்புகிறவருக்கு 38,500 ரூபா போடும்போது கணக்கிலக்கத்தில் ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். பெயரை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். செயலி பெயரைப் பார்க்கவில்லை, இலக்கத்தை மட்டும் பார்த்தது. பிழை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது? வங்கியின் பெயர் வேண்டாம். தொலைபேசியில் கூப்பிட்டால் தமிழுக்கு இரண்டை அமர்த்தச் சொன்னார்கள், அமர்த்தினேன், பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்டேன், கடைசியில் வந்த பிள்ளை சிங்களத்தில் பேசியது. எனக்குச் சிங்களம் தெரியும், புறக்கோட்டையில் 27 வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா! என் பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரியாது. பணம் பெற்றவர் சம்மதித்தால்தான் திருப்பலாம் என்றார்கள். அந்த மனிதர் நல்லவராக இருந்தபடியால் 23 ஆம் நாள் திரும்பி வந்தது. 2009 இல் எங்கள் கடைப் பையன் 138 இலக்க பஸ்ஸில் ஒரு செக்கைத் தொலைத்தான். கிளைக்கு நடந்து போய்க் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். அரை மணித்தியாலம், பால்தேத்தண்ணி உட்பட.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட ஞாயிறை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் சந்தியில் மீன்காரரின் கியூஆர் அட்டை கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது, கைபேசியில் சிக்னல் இல்லை. அரைக் கிலோ சாளைக்கு செக் எழுதவும் முடியாது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசுதான் கறியாயிற்று.

இப்போது என் ஒழுங்கு இது. செயலியோடு இணைத்த சேமிப்புக் கணக்கில் ஒரு மாத வீட்டுச் செலவுக்கு மேல் வைப்பதில்லை. புதிதாக ஒருவருக்கு அனுப்புவதென்றால் முதலில் 100 ரூபா போட்டு, அவர் பெற்றதாகச் சொன்ன பிறகே மிச்சம். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எல்லாம் செயலியில். சரக்குக்கு மட்டும் காசோலை, அதுவும் கணக்கில் போட்டுத்தான் மாற்றக்கூடியதாக இரண்டு கோடு கீறி.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற மாதம் பள்ளிச் சீருடைத் தையலுக்கு எனக்கு மூன்று பெட்டி வெள்ளை நூல் வேண்டும், காசு வர 45 நாள் செல்லும். நடைமுறைக் கணக்கை மூடிவிட்டால் நூல்காரர் கையில் நான் எதைக் கொடுப்பது? அவர் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும். அதை எழுதினால், முதல் ஆளாகக் கிளைக்குப் போய்க் கணக்கை மூடுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு அக்கா,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13