பனி இறங்கும் முன் பிக்கப் வேலை

எட்மண்டன், ஆல்பர்ட்டா
அக்டோபர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தை முழங்காலுக்கு எண்ணெய் தடவுவதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"அந்த ஊர்ல வண்டிக்கு யாரு வேலை பாக்கறாங்க?" என்று போனில் கேட்டீர்கள். பட்டறைக் கூலி மணிக்கணக்கில் ஏறும். அதனால் ஆயில், ஃபில்டர் வரைக்கும் வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்வார்கள். நம் வண்டி 2016 ராம் 2500 பிக்கப். 6.7 லிட்டர் கம்மின்ஸ், வரிசையாக ஆறு சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் உங்களுக்கு ஒன்றும் புதிதாக இருக்காது. புதிதெல்லாம் குளிர்தான். ஜனவரியில் மைனஸ் 30 வரைகூட இறங்கும். வருஷத்தில் எத்தனை சர்வீஸ் செய்தாலும் பனிக்கு முன் செய்கிற இந்த சர்வீஸ்தான் கணக்கு.

ஆயில், ஃபில்டரில் நிற்பதையும் சேர்த்து, 11.4 லிட்டர். பத்து லிட்டர் தட்டை வைத்துவிட்டு ட்ரெயின் நட்டைக் கழற்றினால் வாசல் நாறிவிடும். கோடைக்கு 15டபிள்யூ-40 போதும். மைனஸ் 18-க்குக் கீழே அது தேன் மாதிரி ஆகிவிடும், செல்ஃப் இழுக்காது. அதனால் இப்போதே 5டபிள்யூ-40 சிந்தெடிக்குக்கு மாற வேண்டும், டப்பாவில் சிகே-4 என்ற டீசல் ஆயில் தரக் குறி போட்டிருக்கிறதா பார்த்து. ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டி நின்று, அதன் மேல் புதுசையும் ஏற்றினால் ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் ஆயில் தடவி, உட்கார்ந்த பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

24,000 கிலோமீட்டர், 12 மாதம், எஞ்சின் ஓடிய 500 மணி நேரம், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குமேல் ஆயிலை ஓட்டக் கூடாது என்பது கம்பெனி கணக்கு. குளிருக்காக வண்டியை நின்ற இடத்திலேயே உறும விடுகிறவர்களுக்கு மணி நேரம்தான் முதலில் முடியும். அப்படி விட்டால் சைலன்சர் பக்கம் இருக்கும் புகை ஃபில்டரில் கரி அடையும். அதை எரிக்க எஞ்சின் தானாகக் கூடுதல் டீசலைத் தெளிக்கும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டியதுதான். பழைய ஆயிலை நகராட்சியின் ஈகோ ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள். நம்மூர் போல பழைய ஆயிலை வண்டி அடியில் ஸ்ப்ரே அடிக்கிற கதை இங்கே நடக்காது.

டீசல் ஃபில்டர் இரண்டு. ஒன்று எஞ்சினில், இன்னொன்று பின் ஆக்ஸிலுக்கு முன்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு மேலே. 24,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கீழே இருப்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ரோட்டில் தூவுகிற உப்பும் சேறும் அதைச் சுற்றித்தான் கல்லாகக் கிடக்கும். முதலில் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சிட்டிகை மண் உள்ளே விழும். புது ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டுகிற நம் பழக்கமும் இதில் ஆகாது. ஊற்றுகிற டீசல் வடிகட்டப்படாமலே நேராகச் சுத்தமான பக்கத்துக்குப் போய், சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரைத் தின்றுவிடும். காலியாகவே மாட்ட வேண்டும்.

பிறகு ஏர் லாக், அதாவது டீசல் பைப்பில் சிக்கும் காற்று. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, நுரை போய் டீசல் பீறிட்டதும் இறுக்குவீர்களே, அதை இதில் நினைக்கவே கூடாது. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,500 பாருக்கு மேல் போகும். கசிவில் விரல் பட்டால் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. நம் பட்டறைக்கு வருகிற புது வண்டியிலும் காமன் ரெயில்தான், பையன்களுக்கு ஒருமுறை சொல்லி வையுங்கள். இதில் டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது. சாவியை ஸ்டார்ட் வரை ஒரு தொடு தொட்டு, எஞ்சின் பிடிக்கும் முன் விட்டுவிட வேண்டும். பம்ப் சுமார் 25 விநாடி ஓடிக் காற்றைத் தள்ளும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும்.

நவம்பரில் பங்கிலேயே குளிர்கால டீசல் வந்துவிடும். வீட்டில் நிற்கிற வண்டியின் டேங்கில் கோடை டீசல் இருந்தால்தான் வம்பு. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் திரண்டு முதலில் ஃபில்டரைத்தான் அடைக்கும். நெய் உறைகிற மாதிரிதான் மாமா, முதலில் கலங்கும், பிறகு கட்டும். அதற்கான மருந்தை டீசல் உறையும் முன்பே கலந்தால்தான் பலன். டேங்கைப் பாதிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் வியர்ப்பதும் குறையும். ஃபில்டர் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரையும் இப்போதே இறக்கிவிட வேண்டும். பிறகு அது பனிக்கட்டியாகி நிற்கும்.

முன் பம்பரில் மின் பிளக் தொங்குகிற வண்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எஞ்சின் பிளாக்கில் 750 வாட் ஹீட்டர், கூலன்ட்டைச் சூடாக்குவதற்கு. மைனஸ் 15 ஆனால் மாட்டிவிடுவோம், கிளம்ப நான்கு மணி நேரம் முன்னால் போதும். இங்கே கரண்ட் 120 வோல்ட், அதனால் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் சூடாகி உருகும். ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று அக்டோபரிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கலாம். பிளக்கின் இரண்டு பட்டைக் காலுக்கும் நடுவே 19 ஓம் அளவு காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் வயரோ எலிமென்ட்டோ அறுந்திருக்கிறது.

பேட்டரி இரண்டு, பேரலல் இணைப்பு. ஒன்று மட்டும் செத்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும், கிழடு புதுசையும் இழுத்துப் போட்டுவிடும். கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். 2013 முதல் வந்த வண்டிக்கு வேறு ரகக் கூலன்ட், பழைய ரகத்தோடு கலக்கக் கூடாது.

உங்கள் பிஎஸ்-6 லாரிக்குப் புகையைச் சுத்தமாக்க ஊற்றுகிற அதே யூரியாத் தண்ணீர் இதற்கும் உண்டு. மைனஸ் 11-ல் உறைந்து பருக்கும், அதனால் குளிர்காலத்தில் விளிம்பு வரை ஊற்றுவதில்லை. டேங்கில் ஹீட்டர் இருக்கிறது, உறைந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். நீல மூடிதான் அதற்கு. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. டேங்கைக் கழற்றிக் கழுவிய பிறகுதான் பேச்சு.

அடுத்த வாரம் மைனஸ் 5 என்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு ஓ-ரிங் மாட்ட வராது, அதனால் இந்தச் சனி ஞாயிறுக்குள் அடியில் படுத்து முடித்துவிட வேண்டும். பழைய லெய்லாண்டின் பம்பைப் பிரித்தீர்களா, என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்